அத்துமீறி நுழைந்தவர் அல்லர்

அனுப்புநர்
இறந்த லிஃப்ட் பழுதுபார்ப்பவரின் தந்தை,
ஓய்வு பெற்ற மருத்துவமனைப் பண்டகக் காப்பாளர்,
இரண்டாம் மாடி, தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் அலுவலகம்.

பொருள்: லிஃப்ட் குழியில் பணியின்போது இறந்த என் மகனை "அத்துமீறி நுழைந்தவர்" எனக் குறிக்கும் விபத்து அறிக்கையைத் திருத்தக் கோருதல் – அவனுடைய டிஜிட்டல் விசிட்டிங் கார்டில் வேறொருவர் விவரம் ஏற்றப்பட்டது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு எழுதிப் பழக்கமில்லாதவன் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் மற்றவர்களுடைய கோரிக்கைச் சீட்டுகளை வாங்கிச் சரிபார்த்தே பழகியவன். தங்கள் நேரம் வீணாகாதிருக்க, கீழே வருவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் மகன் இறந்த விதம்.
2. அவன் கார்டில் வேறு முகம் வந்தது.
3. காகிதக் கார்டு ஒன்றுகூட மிஞ்சாமல் நிறுவனம் பறித்துக்கொண்டது.
4. காவலாளி கூறியதும், அறிக்கையில் எழுதப்பட்டதும், அதனால் வீட்டில் நேர்ந்ததும்.
5. வேண்டுகோள்.

1. என் மகனுக்கு வயது நாற்பத்தொன்று. பதினோரு ஆண்டுகளாக ஒரே லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் பழுதுபார்த்து வந்தான். சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டதாக அங்கு வசிக்கும் ஒருவர் அவனைக் கைப்பேசியில் அழைத்தார். பதினொன்று இருபதுக்கு அவன் குழியின் அடியில் இருந்தபோது, மேலே நின்றிருந்த கூண்டு இறங்கிவிட்டது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லத் தேவை இருக்கவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. அளவுகளெல்லாம் தங்கள் அறிக்கையில் உள்ளன.

2. இணைப்பு 1 ஆக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கார்டு வைத்துள்ளேன். என் மகனின் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரப்பட்டது. அதில் பெயரோ எண்ணோ அச்சிடப்படவில்லை, நிறுவனத்தின் முத்திரை மட்டும் இருக்கிறது. அதைக் கைப்பேசியின் முதுகில் தொட்டால் ஒரு பக்கம் திறந்து, கார்டுக்கு உரியவரின் படம், பெயர், பதவி, எண் ஆகியவற்றைக் காட்டும். தொட்டவரின் கைப்பேசியில் தங்குவது அந்தப் பக்கத்துக்கான இணைப்பு மட்டுமே. பக்கத்தில் என்ன இருக்கலாம் என்பது நிறுவனத்தின் கையில் உள்ளது. அவர்கள் அங்கே மாற்றினால், இதுவரை தொட்டவர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் அது மாறிவிடும். ஒன்றரை ஆண்டுகளாகக் காகிதக் கார்டுக்குப் பதில் இதுதான்.

தாங்கள் தயவுசெய்து ஒருமுறை அந்தக் கார்டைத் தங்கள் கைப்பேசியில் தொட்டுப் பார்க்க வேண்டுகிறேன். தெரிகிறவர் என் மகன் அல்லர்.

விபத்துக்கு மறுநாள், புதன்கிழமை மாலை, என் மருமகள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சீருடையில் சிரித்தபடி அவன் இருந்தான். வியாழக்கிழமை காலை மறுபடியும் திறந்தாள். "மாமா, இங்க வாங்களேன். இது யாரு மாமா?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க, மீசையில்லாத ஒருவர். பதவியின் பெயர் மட்டும் மாறவில்லை.

சனிக்கிழமை நான் நிறுவனத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து மேலாளர் அழைத்தார். கடுமையாகப் பேசவில்லை, நாற்காலி தந்தார். "ஐயா, அந்த ஏரியாவுக்குப் புது ஆளைப் போட்டாச்சு. கார்டு அதேதான், ஆள்தான் வேற. பேப்பர்னா கட்டுக் கட்டாக் குப்பைல போடணும். இதுல ரெண்டு நிமிஷ வேலை. இதோட வசதியே அதுதானே?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன் என்று தெரியவில்லை.

என் மகனை முந்தைய மாதக் கடைசி நாளிலேயே விடுவித்து ஓர் ஒப்பந்தக்காரரிடம் மாற்றிவிட்டதாக நிறுவனம் தங்களுக்கு எழுதியுள்ளது. ஒப்பந்தக்காரரோ அவன் தம்மிடம் இன்னும் சேரவில்லை என்கிறார். ஆக, ஒன்பதாம் தேதி காலை என் மகன் எவருடைய ஆளும் அல்லன். அப்படியானால் பத்தாம் தேதி மாலை வரை நிறுவனத்தின் முத்திரைக்குக் கீழே அவன் படம் இருந்தது எப்படி என்பதே என் கேள்வி. நான் கேட்பது தவறான கேள்வியாகவும் இருக்கலாம். இரவு பகலாக யோசித்தும் அதில் பிழை அகப்படவில்லை.

3. டிஜிட்டல் கார்டு வந்தபோது, காகிதக் கார்டுகளை ஒப்படைக்கச் சொல்லி நிறுவனம் சுற்றறிக்கை அனுப்பியது (இணைப்பு 3). எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்தேழு கார்டுகள் பெறப்பட்டன (ரசீது, இணைப்பு 4). ஒரு காகிதக் கார்டு அவன் எந்தத் தேதியில் பணியில் இருந்தான் என்று சொல்லாது என்பதை அறிவேன். ஆனால் அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் காவலாளியின் பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் ஒரு கார்டைச் செருகிவிட்டுத்தான் மேலே போவான். அப்படி ஒன்று செருகப்பட்டிருந்தால், வியாழக்கிழமை அது வேறொருவர் பெயராக ஆகியிருக்காது. அந்த வாய்ப்பை நிறுவனம் முன்கூட்டியே பறித்துக்கொண்டது.

4. அந்தக் குடியிருப்பின் காவலாளியை நேரில் கண்டேன். அவர் சொற்களை மாற்றாமல் தருகிறேன்: "பேரெல்லாம் இப்ப எழுதுறதில்லீங்க ஐயா. போன்ல தொட்டா டிங்குன்னு வந்துரும். நோட்டுல 'கார்டு'ன்னு போட்டுட்டு உள்ள விட்ருவோம். உங்க பையன்தான் வந்தாரு. 'என்ன தலைவரே, இன்னும் இந்த மூணு கால் நாற்காலிதானா? லிஃப்டை விட இதுக்குத்தான் மொதல்ல ரிப்பேர் பாக்கணும்'னு சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு. வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்து போனைக் காட்டுன்னாரு. தொறந்தா வேற மூஞ்சி. நான் இல்லைங்கறேன், அவரு ஸ்க்ரீனைக் காட்டுறாரு. கடைசில எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துருச்சுங்க."

பதிவேட்டின் அந்த வரியை நானும் பார்த்தேன். "10.58 – கார்டு" என்று மட்டும் இருக்கிறது. கைப்பேசியில் தெரிந்த புதியவர், தாம் அங்கு போகவே இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். எனவே தங்கள் அலுவலகத்தின் விசாரணையாளர், "அடையாளம் காட்டாமல் அத்துமீறி நுழைந்தவர்" என்று எழுதினார். அவர் மீது எனக்குக் குறையில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கண்முன் இருந்ததைத்தான் எழுதியிருப்பேன்.

அந்த அறிக்கையின் நகலைக் குடியிருப்போர் சங்கம் தன் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. என் பேத்தியுடன் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் அங்கே வசிக்கிறாள். "உங்கப்பா யார் வீட்டுல திருடப் போனாரு?" என்று கேட்டாளாம். பேத்தி அழவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகப் பையை இறக்காமலே, "தாத்தா, அத்துமீறின்னா என்ன?" என்றாள். நான் அகராதியில் உள்ள பொருளைச் சொன்னேன். "அப்பா அப்படியா செஞ்சாரு?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் எழுதியிருக்கு?" என்றாள். அன்றிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. இன்றோடு பதினாறு நாள்.

5. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து:

(அ) அந்தக் கார்டுக்குரிய பக்கத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில், யார் மாற்றம் செய்தார் என்ற விவரத்தை நிறுவனத்திடமிருந்து வரவழைக்க வேண்டுகிறேன். என் பண்டக அறையில் ஒரு கட்டுத்துணி இடம் மாறினாலும் தேதியும் சுருக்கொப்பமும் இருக்கும். இவர்களிடமும் எங்காவது இருக்க வேண்டும்.

(ஆ) காவலாளியையும், என் மகனைக் கைப்பேசியில் அழைத்தவரையும் மறுபடி விசாரிக்க வேண்டுகிறேன்.

(இ) அவன் அழைக்கப்பட்டு, தொழிலாளியாக அந்தக் குழிக்குள் இறங்கியவன் என்று அறிக்கையைத் திருத்தி, ஒரு நகல் தர வேண்டுகிறேன். அது என் பேத்தியிடம் காட்டுவதற்கு. இந்த மனுவில் பணம் எதுவும் கேட்கவில்லை.

இணைப்புகள்: 1. பிளாஸ்டிக் கார்டு. 2. பதிவேட்டுப் பக்கத்தின் நிழற்படம். 3. சுற்றறிக்கை. 4. ரசீது.

நாள்: விபத்து நடந்து முப்பத்தெட்டாம் நாள்
இடம்: மேற்கண்ட முகவரி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இறந்தவரின் தந்தை

மேற்கண்டவை அனைத்தையும் படித்தறிந்தேன்:
(ஒப்பம்)
இறந்தவரின் மனைவி

கையொப்பங்களுக்குப் பின் சேர்த்தது:

ஐயா, உறையில் இடுமுன் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சுற்றறிக்கையில், "மீதமுள்ள காகிதக் கார்டுகளை விரும்புவோர் அலுவலகப் பெட்டியில் போடலாம்" என்று உள்ளது. போட வேண்டும் என்று எங்கும் இல்லை. மேலிடம் "அனுப்பலாம்" என்று எழுதினால் அனுப்பியே தீரவேண்டும் என்பது நான் பணியாற்றிய இடத்தின் வழக்கம். அந்தக் கண்ணோடு படித்துவிட்டேன்.

அப்போது என் மகன் பத்து இருபது கார்டுகளைப் பைக்குள் வைத்துக்கொள்ள விரும்பினான். "அப்பா, இது உங்க ஸ்டோர் சாமான் இல்லப்பா. நாலு கார்டு நம்மகிட்ட இருந்தா கம்பெனி முழுகிடுமா?" என்று சிரித்தான். "ஒண்ணு குறைஞ்சாலும் உன் பேர்தான் கெடும்" என்று நான் சொன்னேன். அவன் கருவிப் பையிலிருந்தும், அலமாரியிலிருந்தும், மருமகளின் கைப்பையிலிருந்தும் எடுத்து, எண்ணி, நூல் கட்டி, ரசீது கேட்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். பெட்டியில் போடுகிறவர்களுக்கு ரசீது தரும் வழக்கம் அங்கே இல்லை. இணைப்பு 4 என் கையெழுத்தில் இருப்பதும், அவர்கள் கீழே ஒப்பம் மட்டும் இட்டிருப்பதும் அதனால்தான்.

மனுவை வேறு தாளில் எழுதிவிட நினைத்தேன். ஆனால் மருமகள் மனுவின் மூன்றாம் பகுதியையும் நம்பித்தான் ஒப்பமிட்டிருக்கிறாள். நிறுவனம் கேட்கிறது என்று அன்று அவளிடம் சொன்னவன் நான். அவளுடைய ஒப்பத்துக்கு மேலே இருப்பதை அவளுக்குத் தெரியாமல் மாற்றினால், நிறுவனம் அந்தப் பக்கத்தில் செய்ததையே நானும் இந்தத் தாளில் செய்தவனாவேன். தபாலில் சேர்க்குமுன் அவளிடம் சொல்லிவிடுவேன். இந்த ஒன்றைக் கொண்டு மற்றவற்றையும் தள்ளிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவை சரியானவை. மும்முறை பார்த்துவிட்டேன்.

மூன்றாம் பகுதி தவறு. நிறுவனம் எதையும் பறிக்கவில்லை. அவன் கையிலிருந்து வாங்கியவன் நான்.

(சுருக்கொப்பம்)