வாசலில் காயும் காற்றுச் செடி

செவ்வாய், இரவு.

மகள் வாங்கி வந்த காற்றுச் செடி அது. மண்ணே வேண்டாம், வாரம் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்றாள். ஜன்னலோரம் ஒரு கிளிஞ்சலில் வைத்திருந்தேன். கணவரோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இன்று வீடு திரும்பினால், மாமியார் அதற்கு மஞ்சள் குங்குமம் பூசி, தறியில் மீந்த பட்டு நூலில் கட்டி வாசல் நிலையில் தொங்கவிட்டிருக்கிறார். நுனியெல்லாம் பழுப்பேறிவிட்டது.

“அத்தே, இது திருஷ்டிக்குக் கட்டுற ஆகாச கருடன் கிழங்கு இல்ல. தண்ணி இல்லன்னா செத்துடும்.”

“கைய வெக்காதம்மா. அது காயக் காயத்தான் எம்புள்ள ஒடம்புல இருக்கறது எறங்கிக்கினு வருது.”

நாளைக்கு அவருடைய பயாப்ஸி ரிசல்ட்.

மாமியார் தூங்கியதும் செடியை அவிழ்த்து வந்தேன். பேசினில் தண்ணீரும் பிடித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. ஆனாலும் செடியைத் தண்ணீரில் விட மனம் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே அவர் இருமினார்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு, செடியை வாசலிலேயே திரும்பக் கட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மாமியார் போட்டதைவிட முடிச்சை இறுக்கியே போட்டிருக்கிறேன்.