முதுகுப்பக்கத்து ஜிப்

நவம்பர் 9, சனி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். படித்துவிட்டால் யாரிடமும் காட்டாதீர்கள். ஓட்வாரிடம் காட்டவே கூடாது. அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். எழுதுவது சொல்வதில் சேராது என்று நினைத்துக்கொள்கிறேன். சேருமா?

இன்று அம்மா சிப்பி எடுக்கக் கடலுக்கடியில் இறங்கினாள். படகில் நான் மட்டும். வழக்கமாக அம்மாவோடு வேலை செய்யும் ஓட்வார்தான் வருவார். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஊன்றுகோலோடு வீட்டில் இருக்கிறார். அதனால் சனி ஞாயிறுகளில் நான். கம்பளி உள்ளுடைக்கு மேல் ட்ரைசூட்டை, அந்தத் தண்ணீர் புகாத முங்கும் உடையை, மாட்டியதும் அம்மா எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை ஓடும் ஜிப்பை நான் இழுத்து மூட வேண்டும். அது மூடினால்தான் தண்ணீர் உள்ளே வராது. அவளால் அதை எட்ட முடியாது. மூடியதும் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன். போகலாம் என்று அர்த்தம்.

மேலே வந்தபோது இடது மணிக்கட்டு ரப்பர் கிழிந்திருந்தது. கையுறைக்குள் முழுக்கக் கடல். உருவினேன். கை மெழுகு மாதிரி வெளுத்து, நகமெல்லாம் நீலம்.

"அம்மா, வலிக்கலையா?"

"எது?"

அவளுக்குத் தெரியவே இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். ஆழத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு கெடும்; அக்டோபரில் ஒரு நாள் அவசரமாக மேலே வந்துவிட்டாளாம். அன்று ராத்திரி தோளில் பயங்கர வலி. தூங்கினால் போய்விடும் என்று படுத்திருக்கிறாள். வலி போய்விட்டது. விரல்களில் உணர்ச்சியும் கூடவே போய்விட்டது.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. டாக்டர் காதுல விழுந்தா இனிமே கடல்ல இறங்க விடமாட்டாங்க. சத்தியமா?"

சத்தியம் என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா இடது கையால் கோப்பையை வைத்தால் டம் என்று விழுகிறது. எவ்வளவு பலமாக வைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிவதில்லை. இத்தனை நாள் கோபத்தில் வைக்கிறாள் என்றல்லவா நினைத்தேன்.

நவம்பர் 16, சனி

கிழிந்த ரப்பரை ஒட்டி, உடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். படகில் முதுகைக் காட்டி நின்றாள்.

"இழுடி. நீரோட்டம் திரும்பிடப் போகுது."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"மூட மாட்டேன். மொதல்ல டாக்டர்கிட்ட போ. இதே மாதிரி கால் மரத்துப்போனா? கீழயே மயங்கிட்டா? நான் மேல உக்காந்து குமிழியப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

"டாக்டர்கிட்ட போனா கரையோட சரி. சுன்னிவா, கரையில நான் யாரு? மீன் கம்பெனியில பெட்டி ஒட்டறவளா?"

"உயிரோட இருக்கறவ."

முதுகைக் காட்டியபடியே நின்றாள். திறந்த ஜிப்புக்குள் அவளுடைய பழைய சாம்பல்நிறக் கம்பளி தெரிந்தது. தோளருகே நைந்து போயிருந்தது. என் கை தானாகவே அங்கே போனது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கடைசியில் அவளே இன்ஜினைக் கிளப்பிப் படகைத் திருப்பினாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முட்டாள்.

நவம்பர் 23, சனி

புது உடை வாங்க ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா நன்றாகவே பேசினாள். கடைக்காரர் பெயர் ஐனார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

"குளிரைத் தடுக்கறது வெளிய இருக்கற உடை இல்லீங்க, உள்ள நிக்கிற காத்து. தோலை ஒட்டி மெல்லிசு கம்பளி, அதுக்கு மேல தடிசா ஒண்ணு. பருத்தி மட்டும் கூடவே கூடாது. வேர்வையில ஈரமானா ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கும்."

எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். குந்தச் சொன்னார், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். தடித்த உள்ளுடையில் அம்மா உருண்டையாக இருந்தாள். "வெள்ளைக் கரடி மாதிரி இருக்கேனா?" என்று என்னைப் பார்த்தாள். சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

கையுறை பார்த்தபோது வலது கைக்கு மெல்லியதும் இடது கைக்கு இருப்பதிலேயே தடித்ததும் கேட்டாள்.

"இடது கை ரொம்பக் குளிருமோ?"

"ஆமா," என்றாள் அம்மா. என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் ஐனார் இரண்டு உடைகளைத் தொங்கவிட்டார். ஒன்று பழையது மாதிரியே, முதுகில் ஜிப். இன்னொன்றில் தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக முன்பக்கம் ஜிப்.

"முதுகுல இருக்கறது சீக்கிரம் கெடாது. ஆனா மூடிவிட ஆள் வேணும். முன்னால இருக்கறதுக்கு யாரும் வேண்டாம். தனியாவே போட்டுக்கலாம். ஒங்களுக்கு ஆள் இருக்கா?"

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அந்தப் பார்வையால் நிஜமாகவே கேட்டாள்.

இருக்கேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி அந்த ஜிப்பை மூட வேண்டும். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்பக்கம் இருக்கறதையே கொடுங்க," என்றாள்.

நவம்பர் 25, திங்கள்

சமையலறையில் தனியாகப் போட்டுப் பழகுகிறாள். இடது கையால் பிடிக்க வரவில்லை. ஜிப்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு வலது கையால் இழுக்கிறாள். என் அறை வரைக்கும் கேட்கிறது.

நவம்பர் 27, புதன்

ஓட்வாருக்கு போன் செய்தேன்.

"யாரு, என் கப்பல் மாலுமியா? என் இடுப்பு இப்ப இரும்பு, தெரியுமா? காந்தம் இருக்கற பக்கம் போனா ஒட்டிக்குவேன். சரி, ஒங்கம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஜலதோஷம்."

வைத்துவிட்டேன். கோழை.

நவம்பர் 29, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

பள்ளி பஸ் வளைவில் திரும்பும்போது தோணித்துறை தெரியும். எங்கள் படகு இல்லை. குளிர்காலத்தில் வழக்கம்போல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. படகு இல்லை.

ஓடினேன். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளி ராத்திரிதோறும் சாப்பிடும் டாக்கோ ரொட்டிக்குக் கைமாவை எடுத்துப் பனி விட வைத்திருந்தாள். சோளம், தயிர், எல்லாம் வரிசையாக. திரும்பி வரப்போறவதானே இப்படி எடுத்து வைப்பா? வருவாதானே? கூடத்துக் கொக்கியில் புது உடை இல்லை.

ஓட்வாருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை, தோள், அக்டோபர், சத்தியம், எல்லாம். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தப் பக்கம் போயிருப்பா?" பிறகு அவர் மீட்புப் படகைக் கூப்பிட்டார். ஊன்றுகோலோடு தோணித்துறைக்கும் வந்துவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பகடி பேசவே இல்லை.

கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரோடு. கீழே இடது காலும் மரத்துப்போயிருக்கிறது. நீந்த முடியாமல் நங்கூரக் கயிற்றைப் பிடித்தே மேலே வந்திருக்கிறாள். படகில் ஏற முடியவில்லை. கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தாளாம். எவ்வளவு நேரம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தடித்த உள்ளுடைதான் காப்பாற்றியது என்றார்கள்.

கரைக்குத் தூக்கி வந்தபோது என்னைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணினியேடி."

அவ்வளவுதான் சொன்னாள்.

டிசம்பர் 4, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். கால் மெல்லத் தேறும். கை அப்படியேதான் இருக்கும். அக்டோபரிலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனிமேல் முங்கக்கூடாது. ஒருபோதும்.

என்னோடு பேசுவதில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து, அதெல்லாம் பேச்சா?

டிசம்பர் 6, வெள்ளி

ஓட்வார் வந்தார். புது உடையைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

"கடல்ல நனைஞ்சத எவன் எடுத்துக்குவான்?" என்றாள் அம்மா.

"காயப் போட்டு வித்துடலாம்மா."

"அது அங்கயே தொங்கட்டும்."

போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ செஞ்சது சரிதான், மாலுமி. அவ ஒத்துக்க மாட்டா. நானா இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

டிசம்பர் 8, ஞாயிறு

எல்லா வீட்டு ஜன்னலிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் இல்லை. சாயங்காலம் நானே பரணிலிருந்து எடுத்து மாட்டினேன். அம்மா பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவளுக்கு இப்போது எப்போதும் குளிர்கிறது. டாக்டர் அது உடம்பில் இல்லை, மனசில்தான் என்கிறார். அந்தப் புதுக் கம்பளி உள்ளுடையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு திரிகிறாள், ராத்திரியும் அதோடுதான் தூங்குகிறாள். கடலுக்கென்று வாங்கியது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஐனார் கேட்டது காதில் விழுகிறது. அந்தக் கடையில் நான் வாயைத் திறந்து இருக்கேன் என்று சொல்லியிருந்தால் அவள் தனியாகப் போயிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் ஒருவேளை நான் மூடிவிட்ட ஜிப்போடு கீழேயே—

கதவைத் தட்டுகிறாள். அம்மா என் அறைக்கு ஒரு நாளும் தட்டிவிட்டு வந்ததில்லை. நேராகத் திறந்துகொண்டு வருவாள்.

ரொம்பப் பலமாகத் தட்டுகிறாள். இடது கை.

"சுன்னிவா, முழிச்சிருக்கியா? இந்த உள்ளுடை ஜிப்பு பாதியில மாட்டிக்கிச்சு. என்னால முடியல. கொஞ்சம் வந்து இழுத்து விடேன்." நோட்டை மூடிவிட்டுப் போகிறேன்.