உடையாத இரண்டு திருகாணிகள்

என் தங்க அக்காவுக்கு,

உன் மகள் செல்வியை நாளைக் காலை ரயிலில் மதராஸுக்கு அழைத்துப் போகிறேன். மாமா சம்மதிக்கவில்லை. உன் வீட்டுக்காரர் எப்போது எதற்குச் சம்மதித்தார்?

உனக்கு வந்ததேதான் அவளுக்கும். இடுப்புக்கு மேலே ஓர் எலும்பு முன்னால் நழுவுகிறது. செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வண்ணம் தீட்டிவிட்டு எழுந்தால் கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடிக்கிறாள். உனக்குப் போட்டதுபோல் இரண்டு திருகாணி போட்டு எலும்பைப் பிணைக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நேற்று மாமா கத்தினார். "அந்த இரும்புதான் எம்பொண்டாட்டிய தின்னுச்சு. முதுகுல ஸ்க்ரூ இருக்குதுன்னா எவன் இவள கட்டிக்குவான்?"

"அக்காவ தின்னது மஞ்சக்காமாலைங்க, மாமா. ஸ்க்ரூ இல்ல."

"பி.ஏ. படிச்ச திமிரு!"

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "மாமியா என் காதுத் திருகாணியகூட கழட்டி வாங்கிட்டாங்க. இத எப்படிடி கேப்பாங்க?" என்று முதுகைத் தட்டிக்காட்டியவள் நீ. அந்த முதுகோடு ஸ்ரீமுஷ்ணம் தேருக்கு நடந்தே போனாயே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

உன் எலும்பை மணிமுத்தாற்றில் கரைத்த அன்று, சாம்பலோடு வந்த அந்த இரண்டு திருகாணியையும் மாமா கரையில் வீசினார். நான் எடுத்துக்கொண்டேன். கறுத்திருந்தன, வளையவில்லை, மரைகூடத் தேயவில்லை. போன வாரம் டாக்டரிடம் காட்டினேன்.

"எலும்பு ஒட்டுற வரைக்கும்தாம்மா ஸ்க்ரூ தாங்கணும். ஒட்டலைன்னா, நடக்க நடக்க எந்த இரும்பும் ஒருநாள் உடைஞ்சிடும். இது உடையல. உங்க அக்காவுக்கு நல்லா ஒட்டியிருக்குது."

செல்விக்கும் ஒட்டுமா என்றேன். "உறுதியா சொல்ல முடியாது" என்றார். ஒட்டாவிட்டால்? அந்தக் கேள்வி என்னோடுதான் படுக்கிறது, எழுகிறது. ஆனால் பயத்தைக் காட்டி ஒரு பெண்ணை மூலையில் உட்காரவைக்க நான் விடமாட்டேன்.

செல்வியையே கேட்டேன். "பொண்ணு பாக்க வர்றவன் நடந்துதானே வருவான், சித்தி? நான் மட்டும் தவழணுமா?" என்றாள். இருபத்திரண்டு வயது. ஆபரேஷனுக்குக் கையெழுத்தை அவளே போடுவாள்.

மாவுக்கட்டோடு கிடக்கும் மாதங்களில் என் வீட்டில்தான் இருப்பாள். மாமா வாசலில் வந்து கத்தட்டும். உட்காரவைத்துக் காபி கொடுப்பேன். அவள் தானாக எழுந்து நடக்கும்வரை பெண்ணை அவரோடு அனுப்பமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தா
விருத்தாசலம்