பலகையை விட்டு இறங்கிய கால்

அக்கா,

கோவிலம்பாக்கத்தில் நாம் வேலை பார்த்த வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிக்குக் குழி தோண்டுகிறார்கள். நேற்று பேருந்தில் அந்த வழியாகப் போனபோது ஊறிய சேற்றின் நாற்றம் ஜன்னல் வழியே அடித்தது. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் மூச்சை இழுத்தேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, "நாத்தம் வேற, நாங்க புடிக்கிற கேஸ் வேற. அதுக்கு வாசனையே கெடையாது" என்று, அது நினைவுக்கு வந்தது.

நெல் வயலில் தண்ணீர் தேங்கினால் சேற்றுக்குள் மீத்தேன் உண்டாகும். தண்ணீரை அவ்வப்போது வடித்தால் அது எவ்வளவு குறைகிறது என்று அளக்கத்தான் நம் இருவரையும் வேலைக்கு எடுத்தார்கள். நான் முதுகலை படித்தவள். நீங்கள் அதே வயலில் நாற்று நட்டவர். பயிரின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடுவோம். நீங்கள் கடிகாரம் பார்த்து "இப்போ" என்பீர்கள். நான் ஊசிக்குழாயில் காற்றை இழுத்துக் குப்பியில் அடைப்பேன். கட்டளை ஒன்றே ஒன்றுதான்: பலகை மேல்தான் நடக்க வேண்டும். சேற்றில் கால் பட்டால் அடியில் கிடக்கும் வாயு மொத்தமாகக் கிளம்பி அளவைக் கெடுத்துவிடும்.

அன்று எனக்கு அவசரம். தாம்பரத்தில் தோழிக்கு நிச்சயதார்த்தம். பலகை வழுக்கி, என் வலது கால் பெட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கிவிட்டது. குபுகுபுவென்று குமிழி வந்தது.

"இத்த வுட்டுட்டு நாளைக்கு எட்த்துக்கலாம்மா," என்றீர்கள்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. நீங்க டைம் சொல்லுங்க."

சொன்னீர்கள்.

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தபோது அந்தப் பெட்டியின் அளவு மட்டும் எகிறிப்போயிருந்தது. ஆய்வை நடத்திய சார் வயலுக்கே வந்துவிட்டார். "யார் கால வெச்சது?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். "அவங்களுக்குப் பழக்கதோஷம், சேத்துல எறங்கியிருப்பாங்க," என்று உங்களைக் காட்டி அவரே முடிவு கட்டினார். நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள்போல் நின்றேன். அடுத்த வாரம் உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்தார். நீங்கள் மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் மாடிப்படி கூட்டப் போனீர்கள்.

எனக்கு அந்த வேலை போயிருந்தால் இன்னொன்று கிடைத்திருக்கும். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

போன மாதம் நீங்கள் தவறிய செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் கோபமில்லாமல்தான் சொன்னாள்: "அம்மா எல்லாம் சொல்லிக்கீது. 'நல்ல பொண்ணுதான் அது, ஒரு நாள் வந்து சொல்லும் பாரு'ன்னு சொல்லிகினே இருந்துச்சு."

நான் இருப்பது கீழ்க்கட்டளையில். உங்கள் வீடு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். வந்து என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தே வருடங்களைக் கடத்திவிட்டேன்.

இப்போது வேலை செய்யும் இடத்தில் எது தவறினாலும் "நான்தான்" என்று முந்திக்கொண்டு சொல்கிறேன். செய்யாததையும் சில சமயம் ஒப்புக்கொண்டு திட்டு வாங்குகிறேன். கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். எத்தனை பேரிடம் சொன்னாலும் அது உங்களிடம் சொன்னதாக ஆகவில்லை, அக்கா.