ஊக்கு வைத்த பேட்ஜ்

திருவண்ணாமலை
20-2-1972

பித்தளைப் பைத்தியம் பிடித்த தம்பி கோதண்டராமனுக்கு,

அக்கா சரசு எழுதுவது. இங்கே நானும் மருமகள் பொன்னியும் இட்லிக் கடையும் சௌக்கியம். பெங்களூரில் நீயும் உன் பேட்ஜுகளும் சௌக்கியமா? பட்டாளத்தை விட்டு வந்தவன் பெண்டாட்டி தேடுவான். நீ அடுத்தவன் தொப்பி பேட்ஜைத் தேடுகிறாய்.

விளையாட்டு இருக்கட்டும். பாகிஸ்தான் சண்டையில் என் மகன் காசியைக் காணவில்லை என்று கடுதாசி வந்தது உனக்குத் தெரியும். நேற்று பட்டாளத்தில் அவன் கம்பெனியில் இருந்த பையன் ஒருவன் லீவில் வந்து இந்தப் பேட்ஜைக் கொடுத்தான். குண்டு விழுந்து மூடிப்போன பதுங்குகுழியைத் தோண்டியபோது கிடைத்ததாம். அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லையாம். பேட்ஜ் யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்பக்கம் யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள். அரம் பட்ட இடத்தைப் பார்த்தே எந்தக் கை என்று சொல்கிறவனாயிற்றே நீ. காசியுடையதா, இல்லையா? அதை மட்டும் எழுது. பொன்னி தபால்காரரைப் பார்த்துக்கொண்டே மாவு அரைக்கிறாள். என்றைக்காவது விரலையும் சேர்த்து அரைக்கப் போகிறாள்.

உன் பிரியமுள்ள அக்கா
சரசு


பெங்களூர்
1-3-1972

அன்புள்ள அக்காவுக்கு,

பேட்ஜை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சர்க்கார் கொடுக்கும் பேட்ஜுக்குப் பின்னால் இரண்டு வளையம் இருக்கும். இதில் இரண்டையும் ராவி எடுத்துவிட்டு, ஓர் ஊக்கை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஈயம் வழியவில்லை, ஊக்கு ஆடவில்லை. பழகிய கை. நம் காசிக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியாது. இது அவனுடையது இல்லை. எதிரியின் சிறையில் எங்காவது இருப்பான். பொன்னியைத் தைரியமாக இருக்கச் சொல். பேட்ஜ் என்னிடமே இருக்கட்டும்.

தம்பி
கோதண்டராமன்


திருவண்ணாமலை
14-6-1976

தம்பிக்கு,

உனக்காக ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்தேன். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருக்கிறான். அமெரிக்கப் பட்டாளச் சட்டையோடு இட்லி தின்ன வருவான். சட்டைக் கையில் இருக்கிற பட்டாளத் துணிப் பட்டையில், கத்திப் படத்தின் மேலேயே பூ தைத்திருக்கிறான், அவன் கையாலேயே! "எங்க தம்பிக்கு இன்னா பிடிவாதம் தெரியுமா, குடுத்துடுப்பா" என்றேன். என்ன புரிந்ததோ, பிரித்துக் கொடுத்துவிட்டான். வயிறு முட்ட இட்லி வைத்தேன். பட்டையை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பொன்னியின் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். "இன்னும் எத்தினி நாளுக்கு சம்பந்தியம்மா? வாத்தியார் ஒருத்தர் கேக்குறாரு. பொண்ணை அனுப்புங்க" என்றார். "உசுரோட இருக்கிறவன் பொண்டாட்டிக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களே, வெயில் ஜாஸ்தி ஆயிடுச்சா? மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று சிரித்தபடியே அனுப்பிவிட்டேன். உன் பழைய கடிதத்தையும் படித்துக் காட்டினேன். பொன்னி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சரியாகத்தானே செய்தேன் தம்பி? ஒரு வரி எழுது.

உன் அக்கா
சரசு


பெங்களூர்
30-6-1976

அன்புள்ள அக்காவுக்கு,

பூ வேலை நன்றாக இருக்கிறது. கூடாரம் தைக்கிற நூல் அது. இந்த மாதிரி என்னிடம் வேறு இல்லை. நீ செய்தது சரிதான்.

கோதண்டராமன்


திருவண்ணாமலை
2-12-1980

தம்பிக்கு,

தீபத்துக்குச் சகாதேவன் என்று ஒருவர் வந்தார். காசியோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தவர். கடையில் உட்கார்ந்து அழுதார். "தொப்பியில வளையம் நிக்கலைன்னு ராவிட்டு, ஊக்கு வெச்சிப் பத்தவெச்சிக்கினாம்மா. எங்க கம்பெனியில அவன் ஒருத்தன்தான். 'லீவுல பெங்களூர் மாமா கத்துக்குடுத்தாரு'ன்னு எல்லார்கிட்டயும் காட்டுவான்" என்றார்.

முகம் தெரியாத சிப்பாய் கையெல்லாம் உனக்குத் தெரிந்தது. நீ பிடித்துப் பழக்கிய கை தெரியவில்லையா?

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு அவனைக் கூட்டிப்போனவன் நீ. அதனால் எழுதக் கை வரவில்லை. அது எனக்குப் புரிகிறது. முதல் தடவை எழுதிய பொய்யை, அழுகிறவளுக்குக் கொடுத்த மருந்து என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவையும் கேட்டேனே. பூ வேலை நன்றாக இருக்கிறது என்று எழுதினாய்.

அந்த வாத்தியாரைத் தேரடியில் பார்த்தேன். தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பொன்னிக்கு முப்பத்திரண்டு ஆகிறது. சகாதேவன் சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை. "அத்தே, எங்கப்பாவைச் சிரிச்சிக்கினே அனுப்பினீங்களே" என்றாள்.

தாலியை அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் யாரையும் நான் உள்ளே விடவில்லை. பூ மட்டும் இருக்கட்டும் என்று மறுநாள் நானே வைக்கப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள்.

அமாவாசையில் காசிக்குக் காரியம். தாய்மாமன் கோடித் துணியோடு முன்னால் நிற்க வேண்டும். "மாமங்காரன் எப்ப வர்றான்?" என்று பங்காளிகள் கேட்டார்கள். "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டேன்.

நீ வராதே. அந்தப் பேட்ஜை மட்டும் தபாலில் அனுப்பு. காரியத்துக்கு வைக்க, அங்கிருந்து அவனுடையது என்று வேறு ஒன்றும் வந்து சேரவில்லை.

சரசு