காலி மாடியில் டொக் டொக்

செவ்வாய், ஐப்பசி 11. ஸ்ரீரங்கம்.

மாடி வீடு காலியாகிப் பத்து நாள் ஆகிறது. இன்று காலை வழக்கம்போல் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காப்பியோடு உட்கார்ந்தேன். தலைக்கு மேல் அதே டொக், டொக், டொக்.

இந்தச் சத்தத்துக்காகத்தான் கலைச்செல்வியைக் காலி செய்ய வைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. விடிந்ததும் விடியாததுமாகக் கறி வெட்டுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன்.

"நாங்க இங்க கறியே சமைக்கிறதில்ல சார். ஒரு தடவை மேல வந்து பாருங்களேன்," என்றாள்.

படியேறிப் பார்க்க எனக்கு அருவருப்பு.

இன்று பிளம்பர் வந்தார். டேங்குக்குப் போகும் பைப்பைக் கையால் ஆட்டிக் காட்டினார்.

"கிளாம்ப் கழண்டு கெடக்கு சார். நீங்க மோட்டாரை நிறுத்துனதும் மேல ஏறுன தண்ணி திரும்பி இறங்குது. பைப்பு ஆடி சுவத்துல இடிக்குது. எத்தனை நாளா இருக்கு?"

"நேத்துலேர்ந்துதான்," என்றேன்.

என் மனைவி பத்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் போனதும் வெளியே வந்தாள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்கோ."

நம்பரை எடுத்தேன். என்னவென்று சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் புது அட்டை எழுதி வாசல் கேட்டில் கட்டினேன். 'மாடி வாடகைக்கு' என்று எழுதியதும், பழக்கத்தில் கை அடுத்த வரியையும் எழுதிவிட்டது: 'சைவம் மட்டும்.'

கட்டிய பிறகுதான் கவனித்தேன். கழற்றவில்லை.