கம்பத்தின் இன்னொரு கதவு

ஜனவரி 9, வியாழன்

மைனஸ் இருபத்தெட்டு. கணக்குத் தேர்வு பரவாயில்லை.

எட்டு மணிக்கு அம்மாவின் கைபேசியில், நாளைக்கு அவள் போய்க் கவனிக்க வேண்டிய முதியவர்களின் பட்டியல் வந்தது. முதல் வீடு வழக்கம்போல ஏரிக்கரை எய்னோ, ஆறு மணிக்கு. "அஞ்சரை, சைமி" என்று சொல்லிவிட்டு அம்மா படுக்கப் போய்விட்டாள். நான் கொக்கியிலிருந்து கம்பத்துச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள் பாத்திரம் கழுவுகிறார்கள். எனக்கு இந்த வேலை. வண்டி நிற்கும் இடத்தில் இருக்கும் மின்கம்பத்தின் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் கடிகாரத்தில் அம்மா கிளம்பும் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, கம்பத்திலிருந்து வண்டிக்குப் போகும் கேபிளில் மின்சாரம் வந்துவிடும். என்ஜினும் சூடாகும், முன்சீட்டின் கால்மாட்டில் இருக்கும் குட்டி ஹீட்டரும் ஓடும். அம்மா கையுறை இல்லாமலே ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம்.

என் வகுப்பு ரோன்யாவின் அப்பா படுத்தபடியே கைபேசியைத் தட்டி வண்டியைச் சூடாக்கிக்கொள்கிறார். "உங்க வீட்டு ரிமோட்டுக்கு ரெண்டு காலும் ஒரு தொப்பியும் இருக்கு" என்கிறாள் ரோன்யா.

எய்னோவுக்கு எண்பத்து மூன்று வயது, தனி ஆள். அம்மா போய் இன்சுலின் போட்டு, அடுப்பில் விறகு வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவாள். அம்மா உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி சூடா இருந்துச்சா?" அவர் காலத்தில் இரும்புத் தட்டில் தணலை அள்ளி என்ஜினுக்கு அடியில் வைப்பார்களாம். ஒருமுறை வண்டியே எரிந்துபோனதாம். "அன்னிக்கு மாதிரி சூடு அப்புறம் வந்ததே இல்ல" என்றாராம்.

கீழே ரைமோ நின்றிருந்தார். அவர் இரண்டாம் எண் வீடு, நாங்கள் ஏழு. எங்களுக்கும் அவருக்கும் ஒரே கம்பம், முதுகோடு முதுகாக இரண்டு கதவுகள், இரண்டுக்கும் ஒரே சாவிதான். "உங்கம்மாகிட்ட சொல்லு. வண்டிய எடுக்குறப்ப கேபிள கழட்டி உள்ள வைக்கணும். பனியில தொங்கவிட்டா எவனாவது மிதிச்சு சாவான்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஆளுக்கு டயர் கடையில வேலை பத்தல" என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

மைனஸ் முப்பத்தாறு. பனி தள்ளும் வண்டி எங்கள் பக்கத்தில் மலைபோலக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. இன்று அம்மா பத்து மணிக்குத்தான் கிளம்பினாள், நாளை மறுபடி ஐந்தரை. முள் வைத்தாயிற்று. ரோன்யாவுடன் பேசிக்கொண்டே போனேன், பாதியில் கைபேசி குளிரில் செத்துவிட்டது. தூக்கம் வருகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வெளிச்சம் தெரியக் கூடாது.

காலையில் அம்மா கீழே போய்விட்டுத் திரும்பி வந்தாள். இமையெல்லாம் வெள்ளை. "சைமி, முள்ள வச்சியா?"

"வச்சேன்."

"வண்டி கல்லாட்டம் கெடக்கு."

கண்ணாடியின் உள்பக்கம்கூடப் பனி உறைந்திருந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். எங்கள் முள் நேற்றைய பத்திலேயே நின்றது. அம்மா அதைத் திருப்பி, அந்த நிமிடத்திலிருந்து மின்சாரம் வர வைத்தாள். நான் வெந்நீர்ப் பையைக் கொண்டுபோய் சீட்டில் வைத்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்தாள், எல்லோரும் வேறு திசைகளில் இருந்தார்கள். டாக்ஸி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எய்னோவுக்குப் போன் அடித்தாள், அவர் எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்குத்தான் வண்டி கிளம்பியது.

எய்னோ படிக்கட்டுக்குக் கீழே கிடந்தாராம். வண்டியின் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வெளியே வந்திருக்கிறார். காலில் வீட்டுச் செருப்பு, கையில் கையுறை இல்லை. மூச்சு இருந்தது. ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளியிலிருந்து வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். மூன்று மணிக்கே இருட்டு. எங்கள் பக்கத்தில் பனிக்குவியல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. நேற்று அதில் ஏற முடியாமல் நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். பேசிக்கொண்டே போனேன். கைக்கு வந்த கதவைத் திறந்தேன்.

கம்பத்தில் ரைமோவின் பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். முள் ஐந்தரையில் நின்றது.

அவர் எப்போதும் ஏழரைக்குத்தான் வைப்பார். ஏழரைக்குத் திருப்பிவிட்டேன். ஏன் திருப்பினேன்? யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. அப்புறம் மேலே ஓடி வந்துட்டேன்.

ஜனவரி 15, புதன்

எய்னோ உயிரோடு இருக்கிறார். வலது கை விரல்களை டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "ரைமோதான். கேபிளுக்காகப் பழி வாங்கியிருக்கான். நீ வச்சுட்டு வந்தப்புறம் திருப்பியிருக்கான். அவன்கிட்டயும் அதே சாவிதான."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் கஞ்சி இருந்தது. விழுங்கிவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 16, வியாழன்

மாடிப்படியில் அம்மா ரைமோவை மறித்துக்கொண்டாள். நான் இரண்டு படி மேலே நின்றேன்.

"ஒரு கிழவரோட விரல் போகப்போகுது. உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

ரைமோ அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.

"எனக்கு வருது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஜன்னலிலிருந்து பார்த்தாரா? தெரிந்தால் ஏன் சொல்லவில்லை? என்றைக்குச் சொல்லப்போகிறார்? இனிமேல் பள்ளிக்கு, பனி அள்ளும் மண்வெட்டிகள் வைக்கும் அறை வழியாகப் பின்வாசலில் இறங்கிப் போகிறேன், அங்கே அவர் இருக்க மாட்டார்.

ஜனவரி 18, சனி

முள் வைக்கப் போனேன். எங்கள் கதவில் மஞ்சள் மெழுகுக் கட்டியால் பெரிதாக ஏழு என்று எழுதியிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இரண்டு. டயர் கடையில், கழற்றி வைக்கும் சக்கரங்களில் இதே மஞ்சளில்தான் எழுதுவார்கள்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். "பண்றதையும் பண்ணிட்டு இப்ப நம்பர் எழுதுறான். பயந்துட்டான்."

அந்த எண்கள் அம்மாவுக்காக எழுதியவை இல்லை. எனக்காக எழுதியவை.

ஜனவரி 19, ஞாயிறு

இருட்டில்கூட அந்த ஏழு தெரிகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

வியாழக்கிழமை குடியிருப்புச் சங்கக் கூட்டம். அம்மா புகார் கொடுக்கப்போகிறாள். ஏற்றுக்கொண்டால் ரைமோவுக்கு வண்டி நிறுத்தும் இந்த இடம் போய்விடும், கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே கம்பமே கிடையாது. அவருடைய வண்டி என்னைவிட வயதில் மூத்தது. கம்பம் இல்லாமல் இந்தக் குளிரில் அது ஒரு நாள்கூடக் கிளம்பாது, கடை பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எய்னோவுக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அம்மா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நேரத்துக்கு ஏன் போகவில்லை என்று அவளுடைய மேலதிகாரியும் எழுத்தில் கேட்டிருக்கிறார். அதற்கும் இதே பதிலைத்தான் எழுதப்போகிறாள்.

நான் சொன்னால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள்? எய்னோ விழுந்ததற்கு நான்தானே காரணம். ஒரு வாரமா அவகூட உக்காந்து சாப்பிடுறேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

ஜனவரி 22, புதன்

சாப்பிட்டு முடித்ததும் அம்மா புகாரை வாசித்துக் காட்டினாள். "திங்கள் இரவு எட்டு மணிக்கு என் மகள் எங்கள் முள்ளை ஐந்தரைக்கு வைத்தாள்." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "நீதான சாட்சி. கீழ ஒரு கையெழுத்துப் போடு."

பேனாவை எடுத்தேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"என்ன?"

"நம்ம பக்கம் பனி குவிஞ்சிருந்துச்சு."

"அதுக்கு?"

"சுத்திப் போனேன். அந்தப் பக்கக் கதவு."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் மேல்கோட்டைப் போட்டாள், என்னுடையதை என் மேல் வீசினாள். கீழே கூட்டிக்கொண்டு போனாள். "காட்டு." எங்கே நின்றேன், எப்படி வந்தேன், எந்தக் கதவைத் திறந்தேன் என்று காட்டினேன். மறுநாள் முள்ளைத் திருப்பி வைத்ததையும் சொன்னேன். அம்மா அந்த இரண்டு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைனஸ் முப்பத்தொன்று. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது, என் கால்விரல்கள் மரத்துவிட்டன.

"ஒன்பது நாளு" என்றாள்.

பிறகு ரைமோவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் காலுறையோடு வந்து நின்றார். உள்ளே டிவியில் பனிச்சறுக்குப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு எங்க மேல" என்றாள் அம்மா. "இவதான் உங்க முள்ளத் திருப்பியிருக்கா."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் கேபிள கழட்டி வைக்கிற ஆளு. தினமும் காலைல கதவத் திறக்குறேன். அன்னிக்குக் காலைல அஞ்சரைல நின்னுச்சு. சாயங்காலம் வந்து பாத்தா ஏழரை. முள்ளு தானா நடந்து போகாதுல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"மாடிப்படில நீ நின்ன நெலமைக்கு, சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? சின்னப் பொண்ணு மேல பழி போடுறான்னு அதையும் சேத்து எழுதியிருப்ப."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒருமுறை தலையை அசைத்தார்.

"காப்பி இருக்கு" என்றார் அம்மாவிடம்.

"இந்நேரத்துல குடிச்சா தூக்கம் போயிடும்."

"எப்படியும் உனக்கு இன்னிக்கு வரப்போறதில்ல."

அம்மா உள்ளே போனாள். என்னை மேலே போகச் சொன்னாள்.

ஜனவரி 26, ஞாயிறு

அம்மா மேலதிகாரிக்கு உள்ளதை எழுதிவிட்டாள். அவளை ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். தண்டனை இல்லையாம், எய்னோ அங்கே இல்லாததால்தானாம். அவர் இனி அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டார். முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கிறார்கள்.

சாவி கொக்கியில் இல்லை, அம்மாவின் கோட்டுப் பையில் இருக்கிறது. எட்டு மணிக்கு அவளே கீழே போகிறாள், அரைமணி நேரம் தாமதமாகத் தூங்குகிறாள். போகட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

மருத்துவமனைக்குப் போனோம். நானே சொல்ல வேண்டும் என்று அம்மா காரிலேயே சொல்லிவிட்டாள்.

எய்னோ சிறியவராகிவிட்டார். வலது கை முழுக்கக் கட்டு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அப்படியா" என்றார்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை. இடது கையால் காப்பிக் கோப்பையை எடுக்கப் பார்த்தார், சிந்தியது. துடைத்துவிட்டு நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். குடித்தார்.

நாங்கள் கிளம்பும்போது அம்மாவிடம் கேட்டார். "வண்டி சூடா இருக்கா?"

"இருக்கு எய்னோ" என்றாள் அம்மா. வண்டி மூன்று மணி நேரமாக வெட்டவெளியில் நின்றிருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய், விடிகாலை

மைனஸ் முப்பத்து மூன்று.

நேற்று எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. அம்மா பார்த்தாள். "அஞ்சே முக்கால்" என்றாள், கைபேசியிடம் சொல்வதுபோல. எழுந்து படுக்கப் போய்விட்டாள். முன்னறைக்குப் போய்ப் பார்த்தேன். சாவி கொக்கியில் தொங்கியது.

கீழே ரைமோ தன் கேபிளைச் செருகிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கதவு?" என்று கேட்டார், நிமிராமல்.

"ஏழு."

"படிக்கத் தெரியுது."

முள்ளை வைத்தேன். கதவைப் பூட்டினேன். திறந்து பார்த்தேன், மறுபடி பூட்டினேன். ரைமோ போகாமல் நின்றிருந்தார்.

இப்போது நாலரை. மின்சாரம் வர வேண்டிய மூன்றே முக்காலிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், பயத்தில் தூக்கம் வரவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஹீட்டரின் சத்தம் கேட்காது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் வரிசையாக எல்லா வண்டிகளும் வெள்ளையாக நிற்கின்றன. எங்கள் வண்டியின் முன்கண்ணாடியில், கீழே, ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. முதலில் நிழல் என்று நினைத்தேன். இல்லை, அந்த இடத்தில் பனி உருகிவிட்டது.

இப்போது அது இரண்டு உள்ளங்கை அளவு.

பக்கத்து அறையில் அம்மாவின் அலாரம் அடிக்கிறது.